பால்மா டின்னில் நாற்பத்தொரு குளிசை

ஐந்தாம் மாடிக்கு எண்பத்தெட்டுப் படிகள். எண்ணினவன் நான். எண்ணாமல் ஏறினவர் என்னுடைய முதலாளி யூஜினா மிஸ். ஐம்பத்திரண்டு வயதில், கக்கத்தில் குடையோடு, ஒரு சொட்டு வியர்க்காமல் மேலே போய் நின்றுகொண்டு என்னை எட்டிப் பார்த்தார்.

“கிளறன்ஸ், ஏறுறீரா, இல்ல அங்கேயே குடியிருக்கப் போறீரா?”

“மூண்டாம் மாடியில அறை வாடகைக்கு இருக்கெண்டு போர்ட் கிடக்கு மிஸ். அதைத்தான் யோசிக்கிறன்.”

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்தத் தொடர்மாடி. லிஃப்ட் பழுதாகி மூன்று மாதம். திருத்த வேண்டியவர் கட்டினவரா, குடியிருப்பாளர் சங்கமா என்று இரண்டு பகுதியும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கடிதங்கள் ஏறி இறங்கின. லிஃப்ட் மட்டும் அசையவில்லை.

எங்கள் அலுவலகம் கொட்டாஞ்சேனையில், ஒரு பேக்கரிக்கு மேலே. லண்டன் மாப்பிள்ளை குடிப்பாரா, டொரொண்டோ மாப்பிள்ளைக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் அன்றாடப் பிழைப்பு. அதற்கு முன்னர் மிஸ் பதினெட்டு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வைத்தியச் செலவுக் கோரிக்கைகளைச் சரிபார்த்தவர். மற்றவர்கள் சாதகம் பார்க்கிற மாதிரி அவர் இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் பார்ப்பார். அந்தக் காரணத்துக்காகத்தான் ஆரணி எங்களைத் தேடி வந்திருந்தாள்.

ஆரணி வங்கி ஒன்றில் அதிகாரி. முப்பத்தெட்டு வயது. இரும்புக் கிராதிக் கதவைத் திறந்து எங்களை உள்ளே எடுத்தாள். உடனே திரும்பவும் பூட்டினாள். பூட்டு என் உள்ளங்கை அளவு. பூட்டின் திறப்பு அவளுடைய கைப்பைக்குள் போனது.

“அப்பாவின்ரை ரிப்போர்ட்டைப் பாருங்கோ மிஸ். முதல் ஹீமோகுளோபின் ஒன்பது புள்ளி ஆறு. பிறகு எட்டு புள்ளி ரெண்டு. போன கிழமை லாப் ஆள் வீட்டை வந்து குத்தினது ஆறு புள்ளி ஒன்பது. ஆறு கிழமையா டொக்டர் தந்த இரும்புக் குளிசை போகுது. ஏற வேண்டியது இறங்குது.”

“உங்கட டொக்டர் தனஞ்சயனோட காலையில கதைச்சனான்,” என்றார் மிஸ். “இரும்பு குடுத்தும் இரத்தம் ஏறாட்டி மூண்டே மூண்டு காரணமாம். ஆள் விழுங்கேல்ல. விழுங்கினாலும் உடம்பு எடுக்கேல்ல. ரெண்டும் இல்லாட்டி, நாங்க ஊத்துறதைவிடக் கூட எங்கேயோ ஒழுகுது.”

“முதலாவதுதான்!” ஆரணி ஒரு பால்மா டின்னை மேசையில் தட்டி வைத்தாள். “நேற்று வீட்டு வேலைக்கு நிக்கிற றஞ்சிதத்தின்ரை பைக்குள்ளை எடுத்தனான். எண்ணினால் நாற்பத்தொண்டு. நான் ஏழு மணிக்கு வேலைக்கு வெளிக்கிட்டிடுவன். ஒன்பது மணிக்குக் குளிசை குடுக்கிறது அவள். அப்பாவுக்குக் குடுக்காமல் சேர்த்து வைச்சிருக்கிறாள். இரும்பு போனால் மலம் கறுப்பாப் போகும், பயப்பிடாதைங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். அதை வைச்சுத்தான் நான் ஒவ்வொரு நாளும் போனிலை கேக்கிறனான், கறுப்போ எண்டு. ‘கறுப்புத்தாங்க மேடம்’ எண்டுவாள். பொய்! எல்லாம் பொய்!”

“அவவின்ட அடையாள அட்டை, போன்?”

“என்னட்டை இருக்கு. ஓடிடுவாளெல்லோ. நான் இப்ப பொலிசுக்குப் போறன். நாலு மணிக்கு ஆளோடை வருவன். அதுக்குள்ளை அவளின்ரை வாயாலை உண்மையை எடுத்துத் தாங்கோ.”

சொல்லிவிட்டு வெளியே போய், எங்களையும் சேர்த்து வைத்துப் பூட்டிவிட்டாள். படியில் அவளுடைய செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

“மிஸ், மாப்பிள்ளை விசாரிக்கப் போன இடத்தில நாய் கடிச்சிருக்கு. வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டினது இதுதான் முதல் தடவை,” என்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. எனக்கும் உண்மையில் சிரிப்பு வரவில்லை. யன்னலைத் திறந்தால் இரண்டு முழத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். பால்கனிக்கும் அடியிலிருந்து நுனி வரை கம்பி. காற்று உள்ளே வர யோசித்தது. இரண்டு மணி வெயிலில் அந்த வீடு மூடிய இடியப்பச் சட்டி மாதிரிப் புழுங்கியது.

மண்டபத்தில் சாய்வு நாற்காலியில் கனகசபாபதி ஐயா இருந்தார். எழுபத்துநான்கு வயது. சுங்கத் திணைக்களத்தில் முப்பது வருடம் துறைமுகச் சாமான் பட்டியல் பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் மூன்று விரல் விபூதி. அதற்கும் முகத்துக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

“ஐயா, எப்படி இருக்கிறீங்க?”

“கதிரையிலை இருக்கிறன் பிள்ளை.” இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு எடுத்தார். “கீழை போய் ஒன்றரை மாதம். இறங்கலாம். ஏற ஏலாது. ரெண்டாம் மாடியிலை நெஞ்சு அடிக்கத் தொடங்கும்.”

“குளிசை ஒழுங்காப் போடுறீங்களா?”

“றஞ்சிதம் தருவாள்.”

“தருவா. நீங்க போடுறீங்களா?”

ஐயாவுக்கு அந்த நேரம் பார்த்து நித்திரை வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

குசினியில் றஞ்சிதம் நின்றாள். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இரண்டு வருடம் இந்த வீட்டில் இருக்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அழுது முடித்த முகம். மிஸ் கேட்ட முதல் நான்கு கேள்விக்கும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவதாக மிஸ் கேட்டது குளிசையை எதோடு கொடுக்கிறாய் என்று.

“தேசிக்கா தண்ணியிலங்க. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் குடுக்கணும்னு டாக்டர் எழுதியிருந்தாரு. அப்பிடியேதான் செய்றேன்.”

“சரி. உடம்பு எடுக்கேல்ல எண்ட ரெண்டாவது காரணத்தைக் கொஞ்சம் ஓரமா வைப்பம்,” என்று என்னிடம் சொன்னார் மிஸ். பிறகு டின்னைக் கவிழ்த்தார்.

குளிசைகள் தனித்தனியாக விழவில்லை. இரண்டும் மூன்றும் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக விழுந்தன. சிவப்புக் கூடுகள் சுருங்கி, மினுக்கம் செத்து, சில வளைந்தும் போயிருந்தன. மிஸ் மேசையில் இருந்த புதுப் பட்டையிலிருந்து ஒன்றை உடைத்து எடுத்தார். அது கண்ணாடிபோல் மினுங்கியது.

“கிளறன்ஸ், வாயைத் திறவும்.”

“எனக்கு இரத்தம் காணும் மிஸ்.”

“கன்னத்துக்குள்ள வைச்சிரும். விழுங்கக் கூடாது. நாப்பது எண்ணும்.”

எண்ணினேன். துப்பச் சொன்னார். துப்பினதைச் சாசரில் போட்டு, வெயில் விழுந்த பால்கனி ஓரத்தில் வைத்தார். பத்து நிமிடத்தில் அது சுருங்கி, மினுக்கம் செத்து, சாசரோடு ஒட்டிக்கொண்டது. டின்னில் இருந்தவற்றுக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி இருந்தது.

“களவெடுக்கிறவ பட்டையிலயிருந்து காய்ஞ்சதா எடுப்பா. இது நாற்பத்தொண்டும் ஒரு வாய்க்குள்ள போய்த் திரும்பி வந்த சாமான்.” மிஸ் மண்டபத்துக்குப் போய் ஐயாவின் முன்னால் சாசரை நீட்டினார். “ஐயா, நித்திரை முடிஞ்சுதா?”

ஐயா ஒரு கண்ணைத் திறந்து சாசரைப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணையும் திறந்தார். அகப்பட்டவனுக்கு இரண்டு கண்ணும் தேவைதானே.

“உந்தச் சிவப்புக் கோது என்னத்திலை செய்யிறது எண்டு தெரியுமே பிள்ளை? ஜெலற்றின். மாட்டெலும்பு. எண்பத்துநாலாம் ஆண்டு வெறும் கோது மட்டும் பெட்டி பெட்டியா இறங்கினது. பில்லிலை என்ரை கையாலை வகை எழுதினனான். மற்றவைக்குத் தெரியாது, விழுங்குவினம். எனக்குத் தெரியும். பிறந்ததிலையிருந்து சைவம். எழுபத்துநாலு வயதிலை மாட்டை விழுங்கச் சொல்லுறியளோ?”

“மகளிட்டச் சொல்லியிருக்கலாமே? கோது இல்லாத குளிசையும் இருக்கு, மருந்துத் தண்ணியும் இருக்கு.”

“ஆரணியிட்டையோ? அவள் காலமை சண்டை, பின்னேரம் சண்டை பிடிப்பாள். ஈரல் சூப் குடியுங்கோ எண்டவள், தெரியுமே? பேசாமல் கன்னத்துக்குள்ளை வைச்சுத் துப்பிப்போட்டு, இவளிட்டைக் குடுத்திட்டன். ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு பிள்ளையாருக்கு முன்னாலை சத்தியம் வாங்கினனான். உன்ரை மகள் பிள்ளைத்தாச்சி, அனுப்பி விடு எண்டும் சொன்னனான்.”

குசினி வாசலில் வந்து நின்ற றஞ்சிதத்துக்கு அப்போதுதான் ரோசம் வந்தது.

“வாயில வச்சுத் துப்புன மாத்திரைய எம் புள்ளைக்கு அனுப்புவேனாங்க? குப்பையில போட்டா மேடம் கண்டுபிடிச்சிருவாங்கன்னுதான் டின்னுல போட்டேன்.”

“ஆறு கிழமைக்கு நாற்பத்திரண்டு,” என்றேன் நான். “ஒண்டு குறையுதே?”

“முதல் நாள் ஒண்டு தவறி உள்ளை போட்டுது,” என்றார் ஐயா வருத்தத்துடன். “அதுக்குப் பத்து நாள் ஒரு நேரம் விரதம் இருந்தனான்.”

நான் கதிரையில் சாய்ந்தேன். வழக்கு முடிந்தது. மூன்று மணிகூட ஆகவில்லை. களவு இல்லை, நஞ்சு இல்லை. பொலிஸ்காரருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, காலி வீதியில் ஒரு மசாலாத் தோசை அடிக்கலாம் என்று மனம் போய்விட்டது. அந்தச் சந்தோசத்தில் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஆனா ஐயா, நீங்க சுங்கத்தில இருந்தவரெல்லோ. கப்பலே வராம சாமான் இறங்கினா விடுவீங்களா? இரும்பு உள்ள போகேல்ல, ஆனா வெளிய கறுப்பு மட்டும் ஆறு கிழமையா இறங்கியிருக்கு. றஞ்சிதம் நல்ல கெட்டிக்காரி, பொய்யைக்கூட ஒழுங்கா நேரத்துக்குச் சொல்லியிருக்கிறா.”

மிஸ்ஸின் கை சாசரோடு அப்படியே நின்றது.

“றஞ்சிதம்,” என்றார் மெதுவாக. “கறுப்பெண்டு சொன்னது பொய்யா?”

“பொய் இல்லீங்க.” அவள் மிரண்டு போய்ப் பார்த்தாள். “நெசமாவே கறுப்புத்தாங்க. தாரு மாதிரி. ஒட்டிக்கிரும், தண்ணி ஊத்துனா போகாது. நாத்தமும் சாதாரண நாத்தம் இல்லீங்க. கழுவுற மருந்து ஒரு மாசத்துல மூணு போத்தல் தீந்திருச்சு. வாங்க, இன்னிக்கி காலையில போனதுகூட ஓரத்துல இருக்கும்.”

மிஸ் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய முகத்தில் இருந்த இரத்தமும் எங்கோ போயிருந்தது.

“எப்ப தொடக்கம்?”

“அந்த மாத்திரை வர்றதுக்கு முந்தியே இருந்துச்சுங்க. யாரும் கேக்கல. மாத்திரை வந்தப்புறந்தான் மேடம் கேட்டாங்க. பெரியையா முழுங்காமயே கறுப்பா போகுதே, அவரும் மாட்டிக்கல, நானும் பொய் சொல்ல வேணாம்னு, சாமிதான் காப்பாத்துதுன்னு நெனச்சேன்.”

“நானும் பிள்ளையாரின்ரை கிருபை எண்டுதான் நினைச்சனான்,” என்றார் ஐயா.

மிஸ் டொக்டர் தனஞ்சயனுக்கு எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நான்கு வசனத்தில் சொன்னார்.

“இரும்புக் கறுப்பு ஒட்டாது, இப்பிடி மணக்கவும் மாட்டாது,” என்றார் டொக்டர். “இது இரத்தம். வயித்துக்குள்ளை ஒழுகி, சமிச்சு, தாராப் போகுது. ஐயாவின்ரை வயதிலை இரும்பு குறைஞ்சால் எங்கை ஒழுகுது எண்டு பார்க்காமல் விடக் கூடாதெண்டுதான் முதல் நாளே எண்டொஸ்கொப்பிக்குக் கடிதம் குடுத்தனான். போகேல்லையோ?”

கடிதம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒரு காந்த மாம்பழத்துக்குக் கீழே தொங்கியது. லிஃப்ட் சரிவந்தவுடன் போகலாம் என்று ஆரணி ஒத்திவைத்திருக்கிறாள். குளிசைதான் வேலை செய்கிறதே, கறுப்பாகத்தானே போகிறது என்ற தைரியம்.

“நோவுக்குப் போடுற வலிக் குளிசை ஏதும் போடுறாரோ? கேளுங்கோ. அதைக் கேட்டனான், இல்லையெண்டவர்,” என்றார் டொக்டர்.

ஐயா விபூதித் தட்டைப் பார்த்தார். நான் பால்கனியைப் பார்த்தேன். கம்பியில் சதுரமாக ஒரு சின்ன வாசல் வெட்டி, கயிறு கட்டிய கூடை ஒன்று வைத்திருந்தார்கள். லிஃப்ட் இல்லாத வீட்டில் மரக்கறி ஏறுகிற வழி அதுதான். நான் எட்டிக் கீழே காவலாளி ஒஸ்வால்டைக் கூப்பிட்டு, கூடையில் குளிசை ஏதும் ஏறினதா என்று கேட்டேன்.

“ஐயாவுக்கா?” என்று கீழேயிருந்து கத்தினார் ஒஸ்வால்ட். “முழங்கால் குளிசை தானே? இண்டைக்கும் அனுப்பவா? ஒரு கார்ட் வாங்கி வைச்சிருக்கிறன்!”

எல்லாம் விளங்கிவிட்டது. லிஃப்ட் நின்றது. ஐயா கோயிலுக்கு ஒவ்வொரு நாளும் எண்பத்தெட்டுப் படி இறங்கி ஏறினார். முழங்கால் வலித்தது. ஒஸ்வால்ட் பார்மசியில் கேட்டு வாங்கிக் கூடையில் அனுப்பினார். காலையில் பூசைக்கு முன்னர் வெறும் வயிற்றில் ஒன்று, மாலையில் ஒன்று. அது வெள்ளைக் குளிசை, கோது இல்லை, மாடும் இல்லை. ஐயா விருப்பத்தோடு விழுங்கினார். அது அவருடைய வயிற்றைத் தின்றது.

“டொக்டர் கேட்டது நோய்க்கு என்ன மருந்து எண்டெல்லோ,” என்றார் ஐயா பலவீனமாக. “முழங்கால் குத்து நோயே? அது வயது.”

“உடனே ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ,” என்றார் டொக்டர். “நாளைக்கு எண்டு வைக்க வேண்டாம்.”

“ஏத்த முதல் இறக்க வேணும் டொக்டர். இறக்க முதல் கதவைத் திறக்க வேணும்,” என்றேன்.

ஐயா அந்த நேரம் பார்த்து, கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி வரவில்லை. றஞ்சிதம் பாய்ந்து பிடித்திராவிட்டால் தலை நிலத்தில் அடித்திருக்கும். வேட்டி முழுக்கத் தார். அந்த மணத்தை நான் இனிச் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மிஸ் ஆரணிக்கு எடுத்தார். மணி அடித்து நின்றது. மறுபடி எடுத்தார். மறுபடியும் நின்றது. ஏழு தடவை. பொலிஸ் நிலையத்துக்குள் போனை ஊமையாக்கி வைத்திருக்கிறாள் போலும். நான் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பிறகு குசினியிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிவந்து, கம்பிக்கு ஊடாகக் கையை வளைத்துப் பூட்டை அடித்தேன். முதல் அடி பூட்டில் விழுந்தது. இரண்டாவது என்னுடைய பெருவிரலில் விழுந்தது. பூட்டு அசையவேயில்லை. நல்ல பூட்டு. கள்ளரும் உள்ளே வர முடியாது, சாகிறவரும் வெளியே போக முடியாது.

பன்னிரண்டு நிமிடத்தில் அம்புலன்ஸ்காரர் இருவர் எண்பத்தெட்டுப் படியும் ஓடி ஏறி வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

“யத்துர கொஹெத?” என்றாள் அந்தப் பெண். திறப்பு எங்கே என்று. நான் இரண்டு கையையும் விரித்தேன்.

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவைக் கதவடிக்குக் கொண்டுவரச் சொல்லிக் கையால் காட்டினாள். நானும் றஞ்சிதமும் பாயோடு சேர்த்து இழுத்துவந்து கிடத்தினோம். அவள் தரையில் குந்தி, கம்பிக்குள்ளால் இரண்டு கையையும் விட்டு, ஐயாவின் கையைப் பிடித்து, நரம்பைத் தேடினாள். இரத்தம் இல்லாத உடம்பில் நரம்பும் ஒளித்துவிடும். மூன்றாவது குத்தில் அகப்பட்டது. சேலைன் பையை அவளுடைய தோழன் வெளியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பை அந்தப் பக்கம், மனிதர் இந்தப் பக்கம், நடுவில் அந்தப் பூட்டு. நான் ஜெபம் சொன்னேன். எனக்கு உண்மையில் பயமாக இருந்தது.

“கண்ண மூடாதீங்க பெரியையா,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள் றஞ்சிதம். அவருடைய தலை அவள் மடியில் கிடந்தது.

மூன்று நாற்பத்தைந்துக்கு, கீழே ஆரணியின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே சப்பாத்துச் சத்தமும். மேலே வந்தவள் அம்புலன்ஸ்காரரைப் பார்த்தாள், கம்பிக்குள் கிடந்த அப்பாவைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து திறப்பை எடுத்தாள். மூன்று தடவை துவாரத்தைத் தவறவிட்டாள். பொலிஸ்காரர் அதை வாங்கித் திறந்தார். யாரைப் பிடிக்க வந்தோம் என்று அவர் கேட்கவேயில்லை. தொப்பியைக் கழற்றி என்னுடைய தலையில் வைத்துவிட்டு, “அல்லன்ன மல்லி!” என்று என்னையும் பிடிக்கச் சொல்லி, ஐயாவைச் சாய்வு நாற்காலியில் இருத்தி, அதன் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கம் நான். முன்னால் அம்புலன்ஸ்காரன், பின்னால் சேலைனோடு அந்தப் பெண்.

அப்படியே இறங்கினோம். மிஸ் ஆரணியோடு நடந்துகொண்டே நடந்ததைச் சொன்னார். துப்பிய குளிசை, முழங்கால் குளிசை, கறுப்பு. மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஆரணி படியில் குந்திவிட்டாள்.

“அப்ப அவள் பொய் சொல்லேல்லையோ?”

“ஒரு நாளும் சொல்லேல்ல.”

“கறுப்பெண்டு சொல்லச் சொல்ல, நான் சந்தோசப்பட்டனான் மிஸ். ஆறு கிழமையா ஒவ்வொரு நாளும். அப்பா தேறுறார் எண்டு கலண்டரிலை சரி போட்டு வைச்சனான்.”

“எழும்புங்க. அழுறதுக்கு முதல், றஞ்சிதத்தின்ட சாமான் ரெண்டையும் தாங்க.”

ஆரணி கைப்பையைத் திறந்து அடையாள அட்டையையும் போனையும் எடுத்துக் கொடுத்தாள். மிஸ் அவற்றை வாங்கிக்கொண்டு அவளைக் கடந்து போனார்.

கீழே அம்புலன்ஸ் கதவடியில் றஞ்சிதம் நின்று, தனக்குத் தெரிந்த தோட்டத்துச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். எத்தனை மாதமாகக் கறுப்பு, எந்த வெள்ளைக் குளிசை, ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் என்ன சாப்பிட்டார், எத்தனை தடவை போனார். அந்தப் பெண் எழுதிக்கொண்டே இருந்தாள். சொல்லி முடித்ததும் றஞ்சிதம் ஐயாவின் காலைத் தொட்டுவிட்டு விலகி நின்றாள். ஒஸ்வால்ட் கையில் முழங்கால் குளிசைக் கார்டை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றார். அதை மிஸ் பறித்து அம்புலன்ஸுக்குள் கொடுத்தார்.

ஆறு மணிக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எங்களுக்குச் செய்தி வந்தது. இரைப்பையில் ஒரு பெரிய புண். கமெரா விட்டு, ஒழுகின இடத்தை அடைத்துவிட்டார்கள். இரண்டு பை இரத்தம் ஏறிவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. ஐயா பிழைத்துவிட்டார். நான் என்னுடைய வீங்கிய பெருவிரலைத் தாதியிடம் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, வரிசையில் இருக்கச் சொன்னாள்.

ஆரணி வாட்டுக்குள்ளிருந்து வந்தாள். அரை நாளில் பத்து வயது கூடியிருந்தது.

“அப்பா கண் முழிச்சிட்டார். முழிச்சவுடனை றஞ்சிதம் எங்கை எண்டு கேட்டவர். திரும்பத் திரும்ப அதைத்தான் கேக்கிறார். அவளின்ரை போன் நிப்பாட்டிக் கிடக்கு. ஒஸ்வால்ட் சொல்லுறார், நீங்கள்தான் அவளோடை முச்சக்கர வண்டியிலை ஏறினதாம். மிஸ், நீங்கள் ஆக்களைக் கண்டுபிடிக்கிறனீங்கள்தானே. அவளைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ.”

“கண்டுபிடிக்கத் தேவையில்ல. எங்க இருக்கிறா எண்டு எனக்குத் தெரியும்.”

“எங்கை?”

“சொல்ல மாட்டன்.”

ஆரணி மிஸ்ஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ தெரியாது. புறக்கோட்டையில், அவளுடைய ஊர்ப் பக்கம் போகும் அட்டன் பஸ்ஸுக்குள், யன்னல் பக்கத்தில், யன்னலை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நானும் பார்த்தேன்.

“அப்ப அப்பாவுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?”

“நீங்க அவவை வீட்டுக்குள்ள வைச்சுப் பூட்டினதை, அட்டையைப் பறிச்சதை, பொலிஸ் கூட்டிவந்ததை,” என்றார் மிஸ். “அவருக்கு இதை இன்னும் ஒருத்தரும் சொல்லேல்ல.”

உள்ளேயிருந்து ஐயாவின் குரல் கேட்டது. மெலிந்த குரல்தான், ஆனால் இப்போது ஒரே மூச்சில் முழு வசனமும் வந்தது. றஞ்சிதம் வந்திட்டாளோ என்று கேட்டார். ஆரணி அவருக்குப் பதில் சொல்ல உள்ளே போனாள்.